இம்ப்ளான்ட்டுக்கு அளவு: மாவா, ஸ்கேனரா?

கேள்வி: எனக்குக் கீழ்க் கடைவாயில் அடுத்தடுத்து 2 இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்திருக்கிறார்கள். வாப்பாவுக்கு மேல்தாடையில் பல்லே இல்லை; 6 இம்ப்ளான்ட் வைத்து ஒரே பிரிட்ஜ் (இணைந்த பல்வரிசை) போடப் போகிறார்கள். ராமநாதபுரத்தில் வாயில் அச்சு மாவு வைத்து அளவெடுக்கலாம் என்கிறார்கள், மதுரையில் வாய்க்குள் படமெடுக்கும் ஸ்கேனரே துல்லியம் என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, கீழக்கரை

பதில்: உங்களுக்கு ஸ்கேனர் தாராளமாகப் போதும். வாப்பாவுக்கு மாவு அளவுதான் என் தேர்வு.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. பல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இம்ப்ளான்ட் எலும்போடு இறுகிவிடுவதால் அப்படிக் கொடுக்காது. அளவு ஒரு தலைமுடிப் பருமன், அதாவது சுமார் 70 மைக்ரான் பிசகினாலும், திருகை முறுக்கி பிரிட்ஜை உட்கார வைத்துவிட முடியும். ஆனால் அந்த இழுவிசை உள்ளேயே தங்கி, பிறகு திருகு தளரும், பீங்கான் பெயரும்.

ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் துளி பிழை. பக்கத்துப் பக்கத்து 2 இம்ப்ளான்ட்டில் அது பொருட்டே இல்லை. ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை போகும்போது பிழை சேர்ந்துகொண்டே வரும். பல்லில்லாத ஈறு வழவழப்பாக, ஈரமாக இருப்பதால் படங்களைப் பொருத்த அடையாளமும் கிடைக்காது. மதுரை மருத்துவமனையில் இம்ப்ளான்ட்டுக்கென்றே உள்ள, அவற்றின் இடத்தை இப்படி ஒட்டாமல் அளக்கும் போட்டோகிராமெட்ரி கேமரா இருந்தால் வாப்பாவுக்கும் டிஜிட்டல் அளவு சரிதான்.

மாவு அளவிலும் செய்முறை முக்கியம். 6 இம்ப்ளான்ட்டிலும் கோப்பிங் (இம்ப்ளான்ட்டின் இடத்தை அச்சில் பதியவைக்கும் துண்டு) திருகி, இடைவெளி இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். கோப்பிங்குகளை ரெசின் என்ற இறுகும் பிசினால் ஒன்றோடொன்று இணைப்பார்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும். அதனால் குறைந்தது 20 நிமிடம் விட்டு, நடுவில் மெல்லிய வட்டால் அறுத்து, ஒரு சொட்டு ரெசினால் மறுபடி சேர்க்க வேண்டும். பல இடங்களில் தவறவிடுவது இந்தப் படியைத்தான். அதன்பின் துளையுள்ள கெட்டியான ட்ரேயில் பாலிஈதர், அடிஷன் சிலிக்கோன் என்ற அச்சு மாவுகளில் ஒன்றை வைத்து, துளை வழியே திருகைக் கழற்றி எடுப்பார்கள்.

தண்ணீரில் குழைக்கும் ஆல்ஜினேட் பொடியை இறுதி அளவுக்கு ஏற்காதீர்கள், காய்ந்தால் சுருங்கிவிடும். பாலிஈதர் இதற்கு நேர்மாறு, ஈரத்தை உறிஞ்சி உப்பும். நம் கடற்கரைக் காற்றில் அதை ஈரப் பஞ்சில் சுற்றாமல், உலர்ந்த பையில் பல் செய்யும் லேபுக்கு அனுப்ப வேண்டும். சிலிக்கோன் மாவை லேடக்ஸ் கையுறையோடு பிசைந்தால் அது சரியாக இறுகாது. பஸ் பார்சலில் போனால் வெயிலும் இன்ஜின் சூடும் படாத இடம் தேவை.

உங்கள் ஸ்கேனிலும் ஸ்கேன் பாடி (ஸ்கேனருக்கு இடம் காட்ட இம்ப்ளான்ட்டில் திருகும் துண்டு) முழுதாக இறங்கியதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ரத்தமோ எச்சிலோ படிந்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

வாப்பாவின் பிரிட்ஜ் செய்யும் முன், அளவிலிருந்து வார்த்த மாதிரியின் மேல் செய்த சோதனைச் சட்டத்தை வாயில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கோடித் திருகை மட்டும் இறுக்கும்போது மறுகோடி தூக்கினால் மாதிரி தவறு. சட்டத்தை அந்த இடத்தில் அறுத்து வாயிலேயே ஒட்டி, மாதிரியைத் திருத்திய பிறகுதான் பிரிட்ஜ் வேலை தொடங்க வேண்டும்.