பென்சில்வேனியாவில் காஸ் லீஸ் பேப்பர் வந்தால்

தம்பி, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து 24 ஏக்கரோடு வீடு வாங்கியதும், ஏக்கருக்கு 1,500 டாலர் போனஸ் (கையெழுத்துக்கு ஒரு தடவை தரும் பணம்), 12.5% ராயல்டி (எடுக்கும் காஸ் வருமானத்தில் பங்கு), 5 வருஷ லீஸ் என்று காஸ் கம்பெனி ஆள் பேப்பரை நீட்டுகிறார், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீங்க.

நம்மூரில் காஸ் எடுத்தால் ராயல்டி மாநில அரசுக்குப் போகும். இங்கே அமெரிக்காவில் அது நிலத்துக்காரருக்கு. ஆனால் முன்பு விற்றவர் அடியுரிமையை, அதாவது நிலத்தடி காஸ் உரிமையை, தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) பத்திர ஆபீஸில் பழைய பத்திரம் வரைக்கும் வில்லங்கம் பாருங்க. உரிமை உங்களிடம் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

12.5% என்பது 1979 சட்டப்படி குறைந்தபட்சம். அதைத் தாராள மனசு என்று நினைத்துவிடாதீங்க. அதைவிட முக்கியம், எதில் 12.5% என்பது. குழாய்க்கூலி, கம்ப்ரஸர், ஈரம் நீக்கும் செலவையெல்லாம் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாம் என்று 2010ல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கணக்குப் பாருங்க: ஒரு காஸ் கிணற்றுக்காகப் பல பேர் நிலத்தைச் சேர்த்த தொகுப்புதான் யூனிட். 640 ஏக்கர் யூனிட்டில் உங்கள் 24 ஏக்கரில் 16 ஏக்கர் சேர்ந்தால், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாசம் 20 கோடி கனஅடி காஸ், விலை ஆயிரம் கனஅடிக்கு இரண்டரை டாலர் என்றால் மொத்தம் 5 லட்சம் டாலர். உங்கள் பங்கு 12,500, அதில் 12.5% என்றால் 1,562 டாலர். செலவென்று ஆயிரம் கனஅடிக்கு 80 சென்ட் கழித்தால் பங்கு 8,500 ஆகிவிடும். அப்போது 18% கொடுத்தாலும் 1,530தான்! சதவீதத்தை ஏற்றிக் காட்டிவிட்டுக் கழிவை ஓரத்தில் எழுதுவது பழைய வித்தை. 'எந்தக் கழிவும் இல்லை' என்ற வரி பேப்பரிலேயே இருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது.

யூனிட்டில் சேராத மீதி 8 ஏக்கர், 5 வருஷம் முடிந்ததும் விடுபடும் என்றும் எழுதி வாங்குங்க. இல்லையென்றால் காஸ் கிணறு ஓடும்வரை 24 ஏக்கரும் கட்டுண்டு கிடக்கும். 'மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம்' என்ற வரி இருந்தால் அதற்குத் தனி போனஸ் கேளுங்க.

போனஸைப் பெரும்பாலும் காசோலையாகத் தரமாட்டார்கள். பத்திரம் சரிபார்த்த பிறகே பணமாகும் டிராஃப்ட் வரும். பணம் கைக்கு வராமல் லீஸைப் பதிவு செய்யக்கூடாது என்று எழுதச் சொல்லுங்க. வீட்டுக்கடன் இருந்தால் பேங்க் சம்மதமும் வேணும்.

கிணற்றுத் தண்ணீரா குடிக்கிறீங்க? காஸ் கிணறு தோண்டுமுன் கம்பெனி ஆள் தண்ணீர் மாதிரி எடுக்க வந்தால் தடுக்காதீங்க. 2012 சட்டப்படி காஸ் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், தோண்டி 12 மாசத்துக்குள் தண்ணீர் கெட்டால் பழி முதலில் கம்பெனி மேல்தான். மாதிரி எடுக்க விடவில்லையென்றால் அந்தப் பிடி போய்விடும். வக்கீலாக, வீடு பதிந்து கொடுத்தவரை விட்டு, காஸ் லீஸே தொழிலாக இருப்பவரைப் பிடிங்க.