முதல் வாரம் 3 கிலோ, அப்புறம்?

கேள்வி: மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுகிறேன். முதல் வாரம் 3 கிலோ குறைந்தது. பிறகு எடை அசையவில்லை. தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு வேறு. ஏன்?

பதில்: முதலில் இறங்கியது பெரும்பாலும் தண்ணீர்தான். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது; அதில் 1 கிராம் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போய்விடும். இன்சுலின் குறைவதால் சிறுநீரில் உப்பும் அதிகம் வெளியேறும். தலைவலி பெரும்பாலும் அதனால்தான். ரத்த அழுத்தம், இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் உப்பிட்ட சூப் ஒரு கோப்பை குடியுங்கள்.

எடை நின்றதற்கு எண்ணெயைச் சந்தேகியுங்கள். ஒரு மேஜைக்கரண்டியே 120 கலோரி! வாணலியில் கண்ணளவாக ஊற்றினால் இரண்டு, மூன்று கரண்டி போவதே தெரியாது. அளந்தே ஊற்றுங்கள். கொழுப்புக்குக் கணக்கில்லை என்பது தவறான பேச்சு.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவரென்றால், மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடரவே வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.