பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் டிரக்கில், வெளிநாட்டு வண்டியா, உள்நாட்டு வண்டியா என்று உரிமையாளர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? சிங்கப்பூரிலும் இது உண்டா?

உண்டு. ஆனால் சிங்கப்பூரில் உள்நாட்டு பிக்கப் என்றே ஒன்று இல்லாததால் சண்டை கொஞ்சம் கோணலாக நடக்கும். கல்யாணமே ஆகாதவன் மாமியார் கொடுமையைப் பற்றிப் பேசுவது போல.

நான் ஏர்கான் பொருத்துவதும் பழுதுபார்ப்பதுமாகப் பதினான்கு ஆண்டுகளாகச் சிறு தொழில் நடத்துகிறேன். இப்போது ஓட்டுவது இரண்டு வரிசை இருக்கை கொண்ட இசுசூ டி-மேக்ஸ். அதற்கு முன்னால் வேறொன்று இருந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும். இந்தக் கேள்வியைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தவர் அத்தான்.

அக்காவும் அத்தானும் டெக்சஸில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டு ஒரு திருமணத்துக்காக வந்தவர்களை அழைத்து வர சாங்கி விமான நிலையத்துக்கு பிக்கப்பையே எடுத்துப் போனேன். அக்கா பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஏறவில்லை. மாடு வாங்க வந்தவரைப் போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்கதவில் ஒட்டியிருந்த, மணிக்கு 70 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு வட்டத்தைப் பார்த்து நின்றார்.

"மாப்பிள்ளை, இது வண்டியா, வண்டி போட்ட குட்டியா?"

அவர் வைத்திருப்பது செவ்ரோலே சில்வராடோ. எட்டு சிலிண்டர், கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம். நம் வீவக, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளின் வாகன நிறுத்துமிடத்தில் கோட்டுக்கு உள்ளே கிடைப்பது 4.8 மீட்டர், என் வண்டியே வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அத்தானுக்கு அளவு முக்கியமில்லை. அது அமெரிக்க வண்டி என்பதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் டொயோட்டா டண்ட்ரா வாங்கியிருக்கிறாராம். "அந்த மண்ணின் சோற்றைத் தின்றுகொண்டு ஜப்பானுக்குப் பணம் கட்டுகிறார்" என்று விரைவுச்சாலை முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தார். இருவரும் வேலி ஓரத்தில் நின்று இதையே பேசிப் பேசி, கடைசியில் தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்புவதுகூட நின்றுவிட்டதாக அக்கா பின் இருக்கையிலிருந்து சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து எண்ணெய் மாற்ற, பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டுக்குப் போனபோது அத்தானும் கூட வந்தார். எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணன் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருபவர். வண்டியை உயர்த்தி நிறுத்தியிருந்தார். அத்தான் மறுபடியும் "ஜப்பான் வண்டி" என்று ஆரம்பித்தார். அண்ணன் பதில் சொல்லவில்லை. வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டியின் அடிச்சட்டத்தில் அப்பியிருந்த சேற்றைக் கந்தைத் துணியால் துடைத்தார். கை விளக்கைச் சாய்வாகப் பிடித்தார். இரும்பில் பொறித்த சேசிஸ் எண் தெரிந்தது. முதல் இரண்டு எழுத்துகள் எம், பி.

பதினேழு இடங்கள் கொண்ட அந்த எண்ணின் தலையிலேயே வண்டி பிறந்த நாடு இருக்கும். ஜே என்றால் ஜப்பான். எம் என்று தொடங்கி அடுத்து எல் முதல் ஆர் வரை ஏதாவது வந்தால் தாய்லாந்து. 1, 4, 5 ஆகியவை அமெரிக்கா. 2 கனடா. 3 மெக்சிகோ. என் 'ஜப்பான்' வண்டி தாய்லாந்தில் செய்தது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. நம் வட்டாரத்தில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவைதான். அமெரிக்கப் பெயர் தாங்கிய ஃபோர்ட் ரேஞ்சரும் தாய்லாந்தின் ராயோங்கில் செய்யப்படுவதே.

"உங்கள் வண்டி எண் என்ன, அத்தான்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. இங்கே காலை பத்து மணி, அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பது. வீட்டில் இருந்த மருமகனுக்குச் செய்தி அனுப்பினோம். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் உள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்பினான். அவன் பிள்ளைக் குறும்போடு பக்கத்து வீட்டு வாசலுக்கும் போய் இன்னொரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். சில்வராடோவின் எண் 3 என்று தொடங்கியது. டண்ட்ராவின் எண் 5.

அத்தான் கைப்பேசியை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். எத்தனை முறை விரித்தாலும் மூன்று மூன்றாகவே இருந்தது.

சில்வராடோ இந்தியானாவிலும் மிச்சிகனிலும் செய்யப்படுகிறது. மெக்சிகோவின் சிலாவோவிலும் செய்யப்படுகிறது. அத்தானுக்கு வாய்த்தது சிலாவோ. டண்ட்ராவோ டெக்சஸிலேயே, சான் அன்டோனியோவில் செய்யப்படுவது. பக்கத்து வீட்டுக்காரர் தம் மாநிலத்துத் தொழிலாளிக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் ஜப்பான் நிறுவனங்கள் ஏன் அமெரிக்காவுக்குள்ளேயே போய்ப் பிக்கப் செய்கின்றன? இதற்கான பதில் கோழியில் இருக்கிறது. நான் விளையாடவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவான கோழி இறைச்சி ஐரோப்பாவில் குவிந்தது. அங்கே அதன்மீது வரியை ஏற்றினார்கள். பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப் பொருள், பிராந்தி, சிறு டிரக் ஆகிய நான்கின் மீதும் 25 விழுக்காடு வரி போட்டார். 1964 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டிரக் வரியின் குறி ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் வேன்கள். மற்ற மூன்றின் வரியும் பிற்பாடு போய்விட்டது. டிரக் வரி மட்டும் போகவில்லை.

வரி என்றால் சந்து தேடுவது மனித இயல்பு. 1970களில் ஜப்பானிலிருந்து பிக்கப்கள் பின்தொட்டி இல்லாமல் கப்பலேறின. வெறும் தலையும் அடிச்சட்டமுமாகப் போனால் 4 விழுக்காடு வரிதான். துறைமுகத்தில் இறங்கியதும் தொட்டியை மாட்டிவிடுவார்கள். இதில் சுவை என்னவென்றால், அப்படிப் போனவற்றில் ஃபோர்ட் கூரியரும் செவ்ரோலே லவ்வும் உண்டு. முதலாவதைச் செய்தது மாஸ்டா, இரண்டாவதைச் செய்தது இசுசூ. ஜப்பான் வண்டி வேண்டவே வேண்டாம் என்று அதை வாங்கிய எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 1980இல் அந்தச் சந்து அடைபட்டது. 1983இல் டென்னசியின் ஸ்மர்னாவில் நிசான் திறந்த ஆலையிலிருந்து முதலில் வெளிவந்தது கார் அல்ல, பிக்கப். உள்நாட்டு வண்டியைக் காக்கப் போட்ட வேலி, வெளிநாட்டு வண்டியை உள்ளே குடியேற்றிவிட்டது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பட்டறை அண்ணன் சிரித்தார். "எங்கள் நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு" என்றார். அவருடைய அப்பா குளுவாங்கில் வாழைத்தார் ஏற்ற புரோட்டான் அரினா வைத்திருந்தாராம். தேசிய வண்டி என்று பெருமையாகக் கொடிகூடக் கட்டுவாராம். அந்த பிக்கப்பின் முன்பாதி புரோட்டானின் வீரா கார். வீரா மிட்சுபிஷி லான்சரிலிருந்து வந்தது. 2017இல் சீனாவின் கீலி நிறுவனம் புரோட்டானில் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியதும், "இப்போது அப்பா எந்தக் கொடியைக் கட்டுவது என்று கேட்டேன், செருப்பைத் தேடினார்" என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில் அத்தானை அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்ட் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனேன். கொஞ்சம் வம்புக்காகத்தான். 1941 அக்டோபரில் திறந்த அது, பாகங்களைப் பூட்டி முழுக் காராக்கும் ஆலை. சில மாதங்களில், 1942 பிப்ரவரி 15 அன்று, அதன் கூட்ட அறையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்தார். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். பலர் கவனிக்காதது அடுத்து நடந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அதே ஆலையை நிசான் நடத்தியது. ஜப்பானிய ராணுவத்துக்கு லாரிகள் பூட்டியது. அமெரிக்கப் பெயர் தாங்கிய கூரை, பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு மண், ஜப்பான் நிறுவனம். அந்த லாரியின் சேசிஸைத் துடைத்துப் பார்த்தால் என்ன எழுத்து இருந்திருக்கும்? அத்தான் பதில் சொல்லவில்லை. கூட்ட அறையில் இருந்த நீள மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குப் பின் மறுபடியும் ஃபோர்ட் வண்டிகள் வந்தன. 1980இல் ஆலை மூடியது. அதோடு இந்த ஊரில் கார் செய்வது நின்று, 2023இல்தான் ஜூரோங்கில் ஹூண்டாய் மறுபடி தொடங்கியது. அதுவும் மின்சாரக் கார், பிக்கப் அல்ல.

இனி என் பழைய வண்டி. அதன் டீசல் பம்பு ஒரு திங்கட்கிழமை காலையில் கைவிட்டது. அன்றைக்கு நான்கு வீட்டில் வேலை. முகவரிடம் உதிரிபாகம் இல்லை. கப்பலில் வருகிறது என்றார்கள். ஐந்து வாரம் வந்தது. ஐந்து வாரமும் நாள் வாடகைக்கு லாரி எடுத்து ஓட்டினேன். ஏணியை ஏற்றும்போதெல்லாம் அந்த முகவரின் ஏழு தலைமுறையையும் வாழ்த்தினேன். அன்றிலிருந்து எனக்கு உள்நாட்டு வண்டி என்பதன் பொருள் மாறிவிட்டது: காலையில் உடைந்த பாகம் மதியத்துக்குள் காக்கி புக்கிட்டில் கிடைத்தால் அது உள்நாட்டு வண்டி. கிடைக்காவிட்டால், பக்கத்துத் தெருவில் செய்திருந்தாலும் அது வெளிநாடுதான். இந்தக் கணக்கில் இங்கே இசுசூவும் டொயோட்டாவும் மண்ணின் மைந்தர்கள்.

சரக்கு வாகனத்துக்கு சி பிரிவு சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ், எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் 70,000 வெள்ளியைத் தாண்டிய ஏலங்கள் உண்டு. அவ்வளவு கொடுத்தவனுக்குத் தான் வாங்கியது தவறான வண்டி என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. சண்டையின் சூட்டில் பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் அனுமானம். இப்போது காப்பிக்கடையில் புது அணி ஒன்று முளைத்திருக்கிறது, சீன மின்சார வேன்காரர்கள். பத்து ஆண்டு கழித்து பேட்டரி என்ன ஆகும் என்று கேட்டால் தே ஓ என்னும் பாலில்லாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் டீசலுக்கு நான் கொடுக்கும் காசைக் கேட்டுவிட்டு அவர்கள் சிரிக்கும்போது என்னிடமும் பதில் இல்லை.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், திருச்சிப் பக்கத்துக்காரர். ஊரில் முதலில் குட்டி யானை ஓட்டினார். டாடா ஏஸைத்தான் சொல்கிறேன். அங்கே அந்தப் பெயரைச் சொன்னால்தான் புரியும். பிறகு சொந்தமாக ஓர் அசோக் லேலண்ட் தோஸ்த் வாங்கினார். அத்தானும் நானும் வாதாடுவதை ஒரு வாரமாகப் பின் இருக்கையில் கேட்டுக்கொண்டு வந்தவர், ஒருநாள் மெதுவாகச் சொன்னார்:

"எங்கள் தோஸ்த் ஓசூரில் செய்தது அண்ணே. அசல் நம் ஊர் வண்டி."

2011இல் தோஸ்த் வந்தபோது அது லேலண்டும் நிசானும் சேர்ந்து செய்த வண்டி. அத்தானிடம் என்றால் அந்த நொடியே சொல்லியிருப்பேன். இவரிடம் சொல்லவில்லை. அந்த வண்டிக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் அவர் இங்கே வந்திருக்கிறார். "ஆமாம் தம்பி, நல்ல வண்டி" என்றேன். அத்தானும் வாயைத் திறக்கவில்லை; அவருக்கும் நிசான் கதை தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

அத்தான் ஊர் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டோடு பலகாரப் போக்குவரத்து மறுபடி தொடங்கியிருப்பதாக அக்கா சொன்னாள். சண்டை நிற்கவில்லையாம். போன மாதம் சில்வராடோவை விற்றுவிட்டு ஃபோர்ட் எஃப்-150 எடுத்திருக்கிறார். வண்டியின் படத்துக்கு முன்னால் சேசிஸ் எண்ணின் படத்தைத்தான் அனுப்பினார். 1 என்று தொடங்கியது. கீழே ஒரு வரி: "இப்போது சொல், மாப்பிள்ளை."

அமெரிக்காவில் புது வண்டியின் கண்ணாடியில், அதன் பாகங்களில் எத்தனை விழுக்காடு அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்தவை, எஞ்சின் எந்த நாடு, கியர்பெட்டி எந்த நாடு என்று அச்சிட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். சட்டப்படி ஒட்டியே ஆக வேண்டும். அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அத்தான் என்று எழுதினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.