ஹார்ட்டின் ஏழு இல்லாத கட்டு

ஐயா, வணக்கம்.

பழைய படச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினேன். எண் சீட்டுகளிலும் படம் இருக்கிறது. குறிகளே முகமாகவும் தொப்பியாகவும் மாறியிருக்கின்றன. மூலையில் எண் இல்லை. ஹார்ட்டின் ஏழையும் ஜோக்கரையும் காணோம். குறையுள்ள கட்டைச் சேகரிப்பில் வைக்கலாமா? வேறு கட்டிலிருந்து எடுத்து நிரப்பி, எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.
கே.

அன்புள்ள கே.,

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் ஏறிய சீட்டைப் பழையபடி மீட்க முடியாது. அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரப்பர் பேண்டும் வேண்டாம்.

ஜோக்கரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1860களில் அமெரிக்காவில் யூக்கர் ஆட்டத்துக்காக வந்து சேர்ந்த சீட்டு அது. மூலை எண்கள் பரவலானது 1870களில். எண்ணே இல்லாத உங்கள் கட்டில் ஜோக்கர் முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்புறம், ஸ்பேட் ஏஸைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி இருந்தது. 1765 முதல் வரி கட்டிய அடையாளமாக அந்த ஏஸை அரசே அச்சிட்டது. கள்ள ஏஸ் தயாரித்த ஒருவரை 1805-ல் தூக்கில் போட்டார்கள். உங்களுடையது இங்கிலாந்துக் கட்டு என்றால், காலத்தைக் கணிக்க ஏஸ்தான் முதல் தடயம்.

ஹார்ட்டின் ஏழு போனது நிஜமான இழப்புதான். இந்த வகைக் கட்டில் குறியின் இடம், வடிவம், நிறம் எதையும் ஓவியர் மாற்றக் கூடாது. அதை வைத்தே ஒரு காட்சியை உருவாக்க வேண்டும். இரண்டு, மூன்று சமாளித்துவிடலாம். ஏழைத் தாண்டினால் குறிகள் நெருக்கியடிக்கும், ஓவியரின் திறமை அங்கேதான் தெரியும். பத்து இதயங்களும் பத்து ஆட்களின் முகமாகி, ஒவ்வொருவரும் ஏதோ வேலையில் மும்முரமாக இருந்தால் எப்படி இருக்கும்! ஜெர்மனியின் ட்யூபிங்கனில் கோட்டா பதிப்பகம் 1805-ஆம் ஆண்டுக்கென இப்படி ஒரு முழுக் கட்டை வெளியிட்டது. என்னைக் கேட்டால், சீட்டுக் கலையில் இதைவிட உயர்ந்த வகை கிடையாது.

அதனாலேயே சொல்கிறேன், நிரப்பாதீர்கள். வேற்றுச் சீட்டு உள்ளே வந்தால் நாளை இன்னொருவர் அதையும் அசல் என்று நம்புவார். பதினைந்தாம் நூற்றாண்டில் மிலானில் கையால் வரைந்த விஸ்கோன்தி-ஸ்ஃபோர்சா டாரட் கட்டில், 78 சீட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் 74தான் மிஞ்சியிருக்கின்றன. சாத்தான் சீட்டும் கோபுரச் சீட்டும் இல்லை. இருப்பவையும் நியூயார்க்கின் மார்கன் நூலகம், பெர்காமோவின் கராரா அகாதெமி, ஒரு குடும்பம் என்று மூன்று இடத்தில் பிரிந்திருக்கின்றன. குறை என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை.

ஏழின் இடத்தில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து, எது இல்லை என்று பென்சிலில் எழுதிவையுங்கள். முடிந்தால் ஹார்ட்டின் பத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.