ரசமட்டத்தை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டு போனார்?

கேள்வி: எனக்கு வயது 38. அயனாவரத்தில் வீட்டுக்குக் கீழேயே ஷெட் போட்டு, மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்ட் செய்து விற்கிறேன். அளவு சொன்னால் அதற்கேற்றபடி கப்போர்டு வைத்து, மைக்கா ஒட்டிக் கொடுப்பேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். தொழில் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இரும்பு ஸ்டாண்ட் பாதி விலைக்குக் கிடைப்பதால், மச்சான் யோசனைப்படி ஒன்றரை வருஷமாக உள்ளே மரச்சட்டம் இல்லாமல் வெறும் பார்ட்டிகிள் போர்டிலேயே செய்கிறோம். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால், மட்டம் சரியா என்று குமிழி வைத்துப் பார்க்கிற தன் ரசமட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவர்தான், அதற்கப்புறம் ஷெட்டுக்கே வருவதில்லை. வயசானால் குழந்தை மாதிரிதானே. இப்போது வில்லிவாக்கத்தில் ஒருவர், வாங்கி ஐந்தே மாதத்தில் ஸ்டாண்ட் ஊதிவிட்டது, பணத்தைக் கொடு என்கிறார். தண்ணீர் சிந்தியது அவர் தப்பு என்கிறான் மச்சான். கொடுத்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. அவருக்கு என்ன பதில் சொல்வது? அப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துவது?

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

தம்பி, நான் ரசமட்டத்திலேயே நின்றுவிட்டேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே குழந்தை மாதிரி என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள். கோபித்துக்கொண்டு போகிற தச்சர் உளியையும் இழைப்புளியையும் ரம்பத்தையும் வாரிக்கொண்டுதான் போவார், அவை அவர் கையில் பழகியவை. அவர் அதையெல்லாம் உங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார், நீ பிழைத்துக்கொள் என்று. பொய் சொல்லத் தெரியாத ஒரே ஒரு சாமானை மட்டும் அந்த ஷெட்டில் விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. இதில் குழந்தைத்தனம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. புது ரசமட்டம் வாங்கினேன் என்று நீங்கள் எழுதவில்லை. ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் அது. இது வரைக்கும் அது இல்லாத குறையே உங்களுக்குத் தெரியவில்லை. வில்லிவாக்கத்துக்கு ஸ்டாண்ட் போய் ஐந்து மாதம். அப்படியென்றால் அது மட்டம் பார்க்காமல் உங்கள் வாசலைத் தாண்டிப் போன ஸ்டாண்ட். நீங்களே தேதியோடு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், நான் கணக்கு மட்டும்தான் போட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரைக்கும் ஊற்றினால் சுமார் 255 லிட்டர், அதாவது 255 கிலோ தண்ணீர். அதோடு கண்ணாடி, அடியில் போடும் கல், மூடி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். வளர்ந்த ஆட்கள் ஐந்து பேர் இரவு பகலாகக் கீழே இறங்காமல் உங்கள் பலகை மேல் நிற்கிற மாதிரி. ஸ்டாண்டில் ஒரு மூலை கொஞ்சம் இறங்கினாலும் கண்ணாடி வளைந்து கொடுக்காது. பாரம் முழுக்க அடிக்கண்ணாடியிலோ சிலிக்கான் ஒட்டிலோ போய் உட்காரும், அங்கேதான் கீறல் விடும். அடியில் வைக்கிற தெர்மகோல் ஒரு மணல் துகளையோ ஒரு சின்ன மேட்டையோ வாங்கிக்கொள்ளும், தொய்ந்துபோன பலகையை அதனால் நிமிர்த்த முடியுமா? போதாததற்கு நம்ம ஊர் வீடுகளில் ஹால் தரைகூட ஒரே மட்டமாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் ஷெட்டில் ஒரு தடவை, வாங்கினவர் வீட்டில் வைத்ததும் ஒரு தடவை, பாதித் தண்ணீர் ஊற்றினதும் இன்னொரு தடவை, நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டத்தைப் போட்டு, குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள்.

அவர் ரயில் பெட்டிக்கு வேலை செய்தவர். அவர் பொருத்தின பலகையில் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பயணம் போனவர்களில் ஒருத்தர் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். முகம் தெரியாதவனுக்கும் சரியாகச் செய்து கொடு என்பதைத்தான் உங்களுக்கு மர வேலை என்று சொல்லிக்கொடுத்தார். அதைக் கற்றுக்கொண்ட கையாலேயே, மைக்கா ஒட்டினால் உள்ளே இருப்பது தெரியாது என்று நீங்கள் செய்கிறபோது, அப்பாவிடம் வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்காத மகனாகத்தான் எனக்குத் தெரிகிறீர்கள். கடுமையாக இருந்தால் இருக்கட்டும்.

வில்லிவாக்கத்துக்காரர் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை, பணத்தைக் கொடுங்கள். தண்ணீர் சிந்தியது அவர் தப்பு என்று உங்கள் மச்சான் சொல்கிறாரே, மீன் தொட்டி வைத்திருக்கிற வீட்டில் தண்ணீர் சிந்தாமல் என்ன செய்யும்? ஃபில்டரை வெளியே எடுத்தால் சொட்டும், வாரா வாரம் டியூப் போட்டுத் தண்ணீர் மாற்றும்போது வாளிக்கு வெளியே போகும், மழைக்காலத்தில் சும்மா இருந்தாலே சுவர் ஈரம் வாங்கும். மரத்தூளையும் சில்லையும் பசை போட்டு அழுத்தின பலகை பார்ட்டிகிள் போர்டு. வெட்டின ஓரத்தில், ஸ்க்ரூ போன ஓட்டையில் தண்ணீர் ஒரு தடவை இறங்கினால் உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஸ்க்ரூ பிடிப்பும் விட்டுப்போகும். டிவிக்குக் கீழே வைக்க என்று விற்றிருந்தால் மச்சான் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று கேட்டிருப்பேன். மீன் தொட்டிக்கென்று சொல்லி விற்றீர்கள்.

ஆனால் ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள், நேரில் போங்கள். அந்தத் தொட்டி இன்னும் அந்தப் பலகை மேல்தான் நிற்கிறது, அது உங்கள் ஞாபகத்துக்கு வந்ததா? தண்ணீரோடு தொட்டியை நகர்த்தக் கூடாது. அந்தத் தொட்டித் தண்ணீரையே டப்பில் பிடித்து மீனை அதில் விடுங்கள். ஃபில்டர் பஞ்சையும் அதே தண்ணீரில் போட்டு வையுங்கள். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் உள்ள குளோரின், பஞ்சில் வளர்ந்திருக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அப்புறம் ஸ்டாண்ட் தப்பித்தும் மீன் பிழைக்காது. தொட்டி காலியான பிறகு இரண்டு பேராகத் தூக்கித் தரையில் வையுங்கள், ஸ்டாண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் ஒன்றரை வருஷத்துப் பில் புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவருக்காய் போன் போடுங்கள். அடிப்பலகை உப்பியிருக்கிறதா, கதவு முன்னைப் போல மூடுகிறதா, தண்ணீர்க் கோட்டுக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவில் இரண்டு ஓரத்திலும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் இரண்டு விரல், மறுபக்கம் மூன்று விரல் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கிளம்புங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தொட்டி விட்டுப்போய், ஹால் முழுக்கத் தண்ணீரும் கண்ணாடியுமாகக் கிடக்க, ஸ்விட்ச் பாக்ஸ் நனைந்து கிடக்க, ஒரு குழந்தை தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்து வருவதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அந்தப் போனெல்லாம் போட எவ்வளவு செலவாகிவிடும்?

போட்டி, விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு ஸ்டாண்டோடு விலையில் மோதி மரம் ஜெயிக்காது, பிறகு ஏன் மோதுகிறீர்கள்? உள்ளே மரச்சட்டம் போடுங்கள், பாரம் ஸ்க்ரூவில் தொங்காமல் கால் வழியாக நேரே தரைக்கு இறங்கட்டும். மேலே 18 மில்லி மரைன் பிளை. சைடன்ஹாம்ஸ் ரோட்டில் வாங்கும்போது பலகையில் 710 என்கிற ஐ.எஸ். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், அது 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிற தரம். எம்.ஆர். என்று அடித்திருப்பது காற்று ஈரத்தைத்தான் தாங்கும், தேங்கின தண்ணீரைத் தாங்காது. ஒரு ஓரம்கூட விடாமல் சீல் பண்ணுங்கள். விலை கூடும், கூடினதைச் சொல்லிக் கேளுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் போய்விடுவார்கள் என்றால் போகட்டும், மிச்சம் நாலு பேருக்குச் செய்யுங்கள்.

உங்கள் மனைவி ஒரே வரியில் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தம்பியோ அண்ணனோ எதிர்ப்பக்கம் நிற்கும்போது அதைச் சொல்வது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கடையில் யோசனை சொல்ல மச்சானுக்கு உரிமை உண்டு. அப்பா பேருக்கு மேல் கை வைக்க அவருக்கு உரிமை கிடையாது, கொடுத்தது நீங்கள்.

அப்பாவைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லே வேண்டாம், அடம்பிடிக்கிறவரைத்தான் சமாதானப்படுத்துவார்கள். வில்லிவாக்கத்திலிருந்து வந்த ஸ்டாண்டை ஷெட்டுக்கு நடுவில் வையுங்கள். மைக்காவை உரித்து, ஊதிப்போன மூலையிலிருந்து ஒரு சாண் பலகையை அறுத்து எடுங்கள். படியேறும்போது பழம், இனிப்பு எதுவும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தத் துண்டை அவர் கையில் கொடுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள், கீழே புதுச் சட்டம் ஒன்று கோத்து வைத்திருக்கிறேன், மட்டம் பார்த்துச் சொல்லுங்கப்பா என்று கேளுங்கள். அவர் அன்றைக்கே வர வேண்டும் என்று இல்லை. வருகிற வரைக்கும் அந்தச் சட்டம் ஷெட்டிலேயே இருக்கட்டும், யாருக்கும் டெலிவரி கொடுக்காதீர்கள்.