1,000 பசுக்கள் இருந்தும் மரபணு வளம் குறையுமா?

ஓர் இனத்தில் 1,000 பசுக்கள் இருக்கும்போது மரபணு வளம் குறைவதாக ஏன் கவலைப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைக்கணக்கு ஏமாற்றும். காளைகள் எத்தனை என்று பாருங்கள். 4×காளைகள்×பசுக்கள் என்பதை இரண்டின் மொத்த எண்ணிக்கையால் வகுப்பதுதான் சூத்திரம். 5 காளைகள்தான் என்றால், 4×5×1,000-ஐ 1,005-ஆல் வகுக்க வேண்டும்; விடை சுமார் 20. மரபணுக் கணக்கில் அந்த மந்தை வெறும் 20 மாடுகளுக்குச் சமம்! குறைந்தது 50 வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பசுக்களை எவ்வளவு பெருக்கினாலும் 20-ஐத் தாண்டாது. காளைகளை 15 ஆக்கினாலோ 59 வந்துவிடும். அதுவும் ஒன்றுக்கொன்று உறவில்லாத காளைகளாக இருக்க வேண்டும்.

சரி, விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமித்தால் போதாதா? மாட்டுக்கு நல்ல காப்புதான். கோழிக்கு அரைகுறை: சேவலின் விந்தில் பெட்டைக்குரிய டபிள்யூ குரோமோசோம் கிடையாது. அப்புறம், மஞ்சள்கரு பெரிதென்பதால் முட்டையையும் உறையவைக்க முடியாது.