டிஸ்க்கை மாற்றுங்கள், பாதையை மாற்றாதீர்கள்

கேள்வி: டெபியன் சர்வரில் புதிதாக ஒரு டிஸ்க் சேர்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் பயனர்கள் அப்லோடு செய்யும் ஃபைல்களையும் அதற்குக் கொண்டுபோக வேண்டும். /ஹோம், /ஆப்ட், /எஸ்ஆர்வி இவற்றில் எங்கே வைப்பது?

பதில்: டேட்டாபேஸுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். அது இப்போது இருக்கும் /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மீதே புது டிஸ்க்கை மவுண்ட் செய்துவிடுங்கள், அதாவது அந்தப் பாதையோடு இணைத்துவிடுங்கள். பாதையை மாற்றினால் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி திருத்துவதோடு வேலை முடியாது. பேக்கப் ஸ்கிரிப்ட், ரெட் ஹாட் வகை சிஸ்டங்களில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் விதிகள் என எல்லாம் பழைய பாதையையே நம்பியிருக்கும். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் டேட்டாவை இடம் மாற்றினால், ஓனரும் பெர்மிஷனும் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படும், தடுப்பது ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு.

/ஹோம் இன்னும் மோசம். மரியாடிபி போன்ற சர்வீஸ்களின் சிஸ்டம்டி யூனிட்டில் (சர்வீஸை எப்படி இயக்குவது என்று சொல்லும் ஃபைலில்) /ஹோமை மறைக்கும் புரொடெக்ட்ஹோம் போடப்பட்டிருப்பதால், அங்கே வைத்த எதுவும் அவற்றின் கண்ணில் படாது. /ஆப்ட் தனியாக வாங்கி நிறுவும் மென்பொருளுக்கானது.

அப்லோடு ஃபைல்களுக்கு /எஸ்ஆர்வி சரியான இடம். சர்வர் வெளியே வழங்கும் டேட்டாவுக்கென்றே 2004-இல் எஃப்ஹெச்எஸ் என்ற டைரக்டரி அமைப்புத் தரநிலையின் 2.3 பதிப்பில் இதைச் சேர்த்தார்கள். உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது அட்மின் விருப்பம். டெபியனின் அப்பாச்சி கான்ஃபிக்கில் /எஸ்ஆர்வி பகுதி கமெண்டாகவே வரும். அதைத் திறக்காவிட்டால் அனுமதி இல்லை என்ற 403 பிழைதான் கிடைக்கும்.

டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் எல்விஎம் மூலம் டிஸ்க்கை இரண்டு வால்யூமாக்குங்கள். அப்லோடு நிரம்பி வழிந்தாலும் டேட்டாபேஸ் நிற்காது. பிறகு போஸ்ட்கிரெஸை நிறுத்தி, புது வால்யூமைத் தற்காலிகமாக /எம்என்டி-யில் மவுண்ட் செய்து, ஆர்சிங்க்கால் நகலெடுங்கள். ஆர்க்கைவ் ஆப்ஷனுடன் ஹார்டு லிங்க், ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) ஆப்ஷன்களும் வேண்டும். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு கட்டாயம்; விட்டுவிட்டால் டைரக்டரிக்குள் அதே பெயரில் இன்னொரு டைரக்டரி உருவாகி, சர்வீஸ் கிளம்பாது. டேட்டா டைரக்டரியின் பெர்மிஷன் 0700 அல்லது 0750 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைவிடத் தளர்வாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் ஓட மறுக்கும்.

பழைய டைரக்டரிக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, அதே இடத்தில் காலி டைரக்டரி உருவாக்குங்கள். மவுண்ட் செய்வதற்கு முன் அந்தக் காலி டைரக்டரிக்கு சேட்டர் கமாண்டால், மாற்றங்களைத் தடுக்கும் ‘+ஐ’ கொடுத்துவிடுங்கள். /எஸ்ஆர்வி-க்கும் இதையே செய்யுங்கள். பலர் தவறவிடும் படி இது. ஒருநாள் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் சர்வர் பூட் ஆனால், அப்லோடுகள் சத்தமில்லாமல் ரூட் டிஸ்க்கில் எழுதப்படும். டிஸ்க் திரும்ப மவுண்ட் ஆனதும் அவை அதன் அடியில் மறைந்துபோகும். ‘+ஐ’ இருந்தால் ரூட் பயனரால்கூட அங்கே எழுத முடியாது, பிழை உடனே தெரிந்துவிடும்.

பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத தனி அடையாளம்) எழுதுங்கள். அப்லோடு சர்வீஸின் யூனிட்டில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியில் /எஸ்ஆர்வி-யைக் குறிப்பிடுங்கள்; அது மவுண்ட் ஆன பிறகே சர்வீஸ் கிளம்பும். ஒருமுறை ரீபூட் செய்து எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகே பழைய நகலை அழியுங்கள்.